ஊற்றத் தேவையில்லாத எண்ணெய்

"ஒரு தடவ ஊத்தினா அப்புறம் ஊத்தவே வேண்டாம், அப்படி ஏதாவது ஆயில் இருக்கா அக்கா?"

ஆயில் கடை அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவருக்கு நல்ல நேரம் இல்லை என்று பொருள்.

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சா முதல்ல எம்புருஷன் காதுல ஊத்துவேன். ஒரு தடவ சொன்னது உள்ளேயே தங்கட்டும்."

"கேக்குது!" என்றது கடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அது மெக்கானிக். அவளுடைய புருஷன். குரல் மட்டும்தான் வந்தது. ஆள் ஏதோ ஒரு வண்டியின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

"கேக்கணும்னுதானே சொல்றேன்!"

கேள்வி கேட்டு மாட்டிக்கொண்டவர் பல்லுக்காரர். பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செட் செய்பவர். முன்னறையில் டாக்டர் பிடுங்குவார். பின்னறையில் இவர் முளைக்க வைப்பார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது இவர் கைங்கரியம். வாங்கிப் போட்டுக்கொண்டவர் யாரும் அதை வெளியில் சொல்வதில்லை, இவரும் சொல்வதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் பாதி. வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பாதியை அவர் கழற்றி வைத்ததில்லை.

"போன மாசம்தானே ரெண்டு கேன் வாங்கிட்டுப் போனீங்க? அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள் அக்கா.

"வண்டி வெளியூர் போகுது."

"வண்டி மட்டுமா?"

"வீட்டுக்காரியும்தான். அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு."

"நல்லதுதானே. எப்ப திரும்பி வருவாங்க?"

பல்லுக்காரர் அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்து அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் மிகுந்த அக்கறையோடு வாசித்தார். அக்கா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கார் அவர் மனைவியுடையது. வீடு வீடாகப் போய் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். ஊசி, கட்டு, சிறுநீர்ப் பை என்று ஒரு நாளைக்கு ஊர் முழுக்கச் சுற்ற வேண்டும். பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது குடும்பமே கூடி நின்று வேண்டாம் என்றது. அவளுடைய அண்ணன், "காரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஹாரன் எங்க இருக்குன்னாவது தெரியுமா?" என்றார். அவள் நேரே கார் விற்பவரிடம் போனாள். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, நோயாளியின் நெஞ்சுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோவது மாதிரி குனிந்து கேட்டாள். "மூச்சு சீரா இருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரையும் கேட்காமல் அவள் எடுத்த முதல் பெரிய முடிவு அது.

மூச்சு சீராகத்தான் இருந்தது. குடிப்பழக்கம்தான் இருந்தது.

அதைப் பல்லுக்காரர் கண்டுபிடித்தது வாங்கிய சில வாரங்களில். காலையில் அவள் வண்டியைக் கிளப்பும்போது வாசலில் நின்று கையாட்டுவது அவர் வழக்கம். ஒரு நாள் சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு கொத்துப் புகை வந்து, தெருமுனை வருவதற்குள் காணாமல் போயிற்று. முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாது. பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். மறுநாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கும்போது பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். நுனியில் ஏதோ ஈரம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் உள்ளே போனார். அங்கே அவள் போனில் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கல அண்ணா. தங்கமா ஓடுது" என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தவருக்கு வாய் எழவில்லை. அப்படியே திரும்பி, ஒரு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு, கார் கழுவப் போவதாக வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுவினார். கழுவுகிற சாக்கில் ஊற்றினார். "இவருக்குக் கார்மேல அப்படி ஒரு பைத்தியம்" என்று அவள் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்வாள். பல்லுக்காரர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் எல்லாம் இல்லை. நகக்கண்ணில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்.

எந்த எண்ணெய் என்று படிக்கவே அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு கேனின் நெற்றியிலும் ரத்த அழுத்தம் மாதிரி இரண்டு எண்கள். முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. காரோடு வந்த புத்தகத்தில் அஞ்சு-முப்பது என்று போட்டிருந்தது. அது தண்ணி மாதிரி உள்ளே போய், ஆவி மாதிரி வெளியே போயிற்று. பிறகு இருபது-ஐம்பது ஊற்றிப் பார்த்தார். குடிப்பது குறைந்தது. ஆனால் காலையில் கிளப்பும்போது வண்டி முனகியது. "என்னங்க, வண்டிக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் அவள். "காத்துல ஈரம்" என்றார் இவர். வாய் கூசாமல் சொன்னார். கடைசியில் பத்து-நாற்பது, அதிலும் நிறைய ஓடிய வண்டிகளுக்கென்று தனியாக வருவது, ஓரளவுக்கு ஒத்துப்போயிற்று.

மெக்கானிக் அப்போதே சொன்னான். "பிஸ்டன் ரிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நின்ன வண்டியைக் கிளப்பும்போது மட்டும்தானே புகை? வால்வுல எண்ணெய் இறங்காம தடுக்கற ரப்பர் சீல் காஞ்சு போச்சு. ரெண்டு நாள் வண்டியை விடுங்க, மாத்திடறேன். தலைவலி விட்டுச்சு."

இரண்டு நாள் வண்டியை விட வேண்டும் என்றால் அவளிடம் காரணம் சொல்ல வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பல்லுக்காரர். அந்த அப்புறம் வருஷக்கணக்கில் வரவில்லை.

இன்றைக்கு வண்டி கடை வாசலில் நின்றது. நாளைக்கு வழிப்பயணம், பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சாவி வாங்கி வந்திருந்தார். மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்து, கம்பியை உருவினான். உருவியவன் அப்படியே நின்றான்.

"என்ன சார் இது? மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ போகுது?"

"கொஞ்சம் கூடுதலா ஊத்திட்டேன். நேத்து."

"கொஞ்சமா? எதுக்கு?"

"அங்க ஊத்த ஆள் இல்லையே. கொஞ்ச நாளைக்குத் தாங்கட்டும்னு…"

"ஒட்டகமா சார் இது, முதுகுல ஏத்தி அனுப்ப? அடியில சுத்துற தண்டு இந்த எண்ணெயை அடிச்சு நுரையாக்கிடும். நுரை எதைக் காப்பாத்தும்? கம்மியா இருந்தாலும் சாகும், கூடிப்போனாலும் சாகும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். அவ்வளவுதான்."

அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து அதிகப்படி எண்ணெயை வடித்தான். பல்லுக்காரர் அது சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போற வழியில ஒண்ணும் ஆகாதுல்ல?"

"வழியில ஆகாது. போன பிறகு, ரெண்டு மாசம் மூணு மாசம் கழிச்சு, அவங்க எங்கேயாவது நோயாளியைப் பாக்கப் போற அவசரத்துல சிவப்பு விளக்கு எரியும். அது எரியும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். எஞ்சின் இறுகிடும். பெரிய ரோட்டுல இறுகினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம்."

"அவகிட்ட சொன்னா…"

"சொன்னா என்ன? நாலு திட்டு திட்டுவாங்க. என்னைப் பாருங்க, நான் உயிரோட இல்லையா?"

"உசுரோட இருக்கறது என் நல்ல மனசு!" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "அந்தப் பெரிய ஸ்பேனரைத் தொலைச்சதை இன்னும் சொல்லல பாருங்க!"

"தொலைக்கல, கடன் குடுத்திருக்கேன்!"

"யாருக்கு?"

"அதான் மறந்துபோச்சு!"

பல்லுக்காரருக்கு அந்தச் சண்டையை விட்டு நகர மனம் வரவில்லை. பசித்தவன் அடுத்த வீட்டுச் சமையல் வாசனையில் நிற்பது மாதிரி நின்றார். திட்டுக்கு மட்டும்தான் பயம் என்றால் எப்போதோ சொல்லியிருப்பார். அவள் இப்போது திட்டுவதில்லை. அதுதான் கஷ்டம்.

அவள் அம்மா இறந்ததிலிருந்து திட்டுவதில்லை.

மாமியார் ஒருநாள் பல்லுக்காரருக்குப் போன் செய்து, "மாப்பிள்ளை, டாக்டர் நல்லவிதமா சொல்லல. அவகிட்ட சொல்லாதீங்க. ஊரார் நோயெல்லாம் பாக்கறவ, என் நோயையும் சேர்த்துச் சுமப்பா. நானே நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன்" என்றார். சரி அத்தை என்றார் இவர். மாமியார் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் வாயை மூடிக்கொண்டே இருந்தார். மகள் தினமும் யாரோ ஒரு கிழவியின் முதுகைத் துடைத்து, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து, "அம்மா குரல் ஏன் இப்படித் தேய்ஞ்சு கேக்குது?" என்பாள். "லைன் சரியில்ல" என்பார் இவர். கடைசியில் அவள் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது அம்மா பேசும் நிலையில் இல்லை.

அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்களுக்குத் தெரியுமா?" அவர் ஆமென்று தலையை ஆட்டி, "அத்தைதான் சொல்ல வேண்டாம்னாங்க" என்றார். அவ்வளவுதான். அவள் கத்தவில்லை, எதையும் தூக்கிப் போடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு இருந்தது, மின்கட்டணம் இருந்தது, "கதவைப் பூட்டிட்டீங்களா" இருந்தது. வேறு பேச்சு இல்லை. வெளியூர் வேலைக்கு எழுதிப் போட்டதையும், கிடைத்ததையும், வீடு பார்த்ததையும் அவள் ஒன்று விடாமல் இவரிடம் சொன்னாள். எல்லாவற்றையும் அன்றன்றைக்கே சொன்னாள். எப்படிச் சொல்வது என்று அவருக்குக் கற்றுக்கொடுப்பது போல.

அப்படியும் பல்லுக்காரர் மனத்துக்குள் ஒரு ஓரத்தில் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். அவள் விவாகரத்து என்ற சொல்லைச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன்" என்றுதான் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாள் என்றால் அது முடியும். முடிந்தால் வருவாள். ஆனால் காரைப் பற்றிச் சொன்னால், இன்னொன்றையும் மறைத்திருக்கிறார் என்று தெரிந்தால், அந்த ஓரமும் போய்விடும். சொல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் நடு ரோட்டில் எஞ்சின் இறுகும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டி வந்தார். பெட்ரோல் போட மறந்துபோய், பாதி வழியில் திரும்பிப் போய்ப் போட்டார்.

மறுநாள் காலையில் அவள் பெட்டிகளை ஏற்றி முடித்தபோது, அவர் வாளியோடு வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னிக்குமா கழுவுறீங்க? போற வழியெல்லாம் புழுதிதானே" என்றாள்.

"கண்ணாடி மட்டும்…"

அவள் காரின் கூரைமேல் கையை வைத்தாள். மாடு வளர்ப்பவர்கள் முதுகைத் தட்டுவது மாதிரி தட்டினாள். "அம்மா போன பிறகு, என் மேல எனக்கே ஒரு நம்பிக்கை இல்லாம போச்சுங்க. தினம் நோயாளியைப் பாக்கறவளுக்கு அம்மா குரல்ல இருந்த நோய் தெரியலையேன்னு. அப்பல்லாம் இந்த வண்டியைத்தான் நினைச்சுக்குவேன். காதைக் குடுத்துக் கேட்டு, சரியா ஒண்ணை எடுத்தோமேன்னு."

இதைச் சொல்லவா அவள் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? பல்லுக்காரர் துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தார். ஒரு சொட்டும் வராதபோது வாயைத் திறந்தார்.

"பத்து-நாப்பதுன்னு கேட்டு வாங்கணும்."

"என்னது?"

"ஆயில். பத்து-நாப்பது. இருபது-அம்பது குடுத்தா வாங்காத, காலையில முனகும். அஞ்சு-முப்பது நிக்காது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பாக்கணும். சமதரையில நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கணும். உடனே பாத்தா தப்பாக் காட்டும்…"

"எதுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ?"

"வண்டி எண்ணெய் குடிக்குது."

"எப்பலேர்ந்து?"

"வாங்கினதுலேர்ந்து."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவள் கையைக் கூரையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை…"

"ஆமா."

"அம்மா விஷயத்துல, அம்மா சொல்லாதேன்னாங்க. சரி. இதுல யாருங்க சொல்லாதேன்னது? காரா?"

ஒரு வாய் முழுக்கப் பல் செய்து கொடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை செய்யத் தெரியவில்லை.

"உன் முகம் வாடிடுமேன்னு…"

"என் முகம் வாடினா என்ன ஆகியிருக்கும்? ஒரு நாள் வாடும். மறுநாள் ரெண்டு பேரும் சேர்ந்து மெக்கானிக்கிட்ட போயிருப்போம். வழியில டீ குடிச்சிருப்போம். அண்ணன்கிட்ட என்ன பொய் சொல்லலாம்னு யோசிச்சு சிரிச்சிருப்போம். அதையெல்லாம் நீங்க மட்டும் தனியா வச்சுக்கிட்டீங்க."

இத்தனை பேச்சு அவள் பேசி மாதக்கணக்காகியிருந்தது. குரல் உயரவே இல்லை. பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னாள். "காட்டுங்க" என்றாள்.

அவர் காட்டினார். கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, உருவ வேண்டும். அவள் செய்தாள். காய்ச்சல் பார்க்கிற கருவியைப் பிடிப்பது மாதிரி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. எங்கே ஊற்றுவது, புனலை எப்படி வைப்பது எல்லாம் கேட்டுக்கொண்டாள். சீல் விஷயத்தையும் கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள். அவளுக்கு இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது அது. அவர் வாங்கி வைத்திருந்த கேன்களைத் தூக்கிப் பின்சீட்டின் அடியில் உருளாமல் வைத்தாள்.

"பாத்துப் போம்மா" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம் போன் வந்தது. பல்லுக்காரர் பின்னறையில், பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகு வைத்து, யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார். மெழுகு ஆறிவிட்டால் பல் நிற்காது. பாதியில் விட முடியாத வேலை. பாதியில் விட்டார்.

"வேலையா இருக்கீங்களா?"

"இல்ல இல்ல. சும்மாதான் இருக்கேன்."

"வண்டியை இங்க ஒருத்தர்கிட்ட விட்டேன். சீல் மாத்தியாச்சு. ரெண்டு நாள்கூட ஆகல."

"அப்படியா? நல்லது."

"இனிமே நடுவுல ஊத்தவே வேண்டாமாம். புத்தகத்துல இருக்கற அஞ்சு-முப்பதே போதுமாம்."

"நல்லது."

"காலையில பக்கத்து வீட்டு அக்காவைப் பின்னால நிக்க வச்சுக் கிளப்பிப் பாத்தேன். புகையே இல்லையாம்."

"நல்லது."

"மூணு நல்லது ஆச்சு" என்றாள். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது. "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றார். உடனே, "இல்ல. சாப்பிடல. சும்மா இருக்கேன்னு சொன்னதும் பொய். மெழுகு வேலை பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அவள் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அவர் வார்த்தைகளை வேகமாகக் கொட்டினார்.

"வீட்டுல இருக்க முடியல. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடல. அப்புறம்… உங்கம்மா சொன்னாங்கன்னு மட்டும் நான் சும்மா இருக்கல. உன் முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அவங்க சொல்லாதேன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதுதான் நிஜம்."

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு அவள் மெதுவாகப் பேசினாள்.

"இதைக் கேக்கத்தாங்க நான் அந்த வீட்டுல அத்தனை மாசம் உக்காந்திருந்தேன்."

"இப்ப சொல்லிட்டேனே."

"ம். சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா நீங்க வாசலையே பாத்துக்கிட்டிருப்பீங்க. நான் திரும்பி வரமாட்டேங்க. கோவத்துல சொல்லல. கோவம் போயிடுச்சு. அது போன பிறகும் வரணும்னு தோணல."

எதிர்ச் சுவரின் அலமாரியில் செய்து முடித்த செட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி பளிச்சென்று சிரித்தன.

"சரிம்மா" என்றார்.

"போய்ச் சாப்பிடுங்க முதல்ல."

"சரி."

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மெழுகு ஆறி, இரண்டு பற்கள் கோணலாக நின்றன. அதை அப்படியே விட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடச் சொல்லியிருக்கிறாளே. இரண்டாவது வாயிலேயே கண்ணில் நீர் முட்டி, மூக்கோரமாக இறங்கி, சாப்பாட்டில் விழுந்தது.

டாக்டர் ஏதோ ஒரு அச்சைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பார்த்ததும் நின்றார்.

"என்னய்யா? என்னாச்சு?"

ஒண்ணுமில்லை, காரம் என்று வாய் தானாகவே ஆரம்பித்தது. பல்லுக்காரர் அதை விழுங்கினார். கையில் இருந்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

"என் பொண்டாட்டி போயிட்டா டாக்டர்" என்றார். "வரமாட்டா."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்னறையில் யாரோ வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார்கள்.